காட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க எத்தனை யூனிட் கரண்ட் வேண்டும்?

கனடாவில் டொரொன்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் கோடை வந்தால் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அல்கான்குவின் காட்டுப் பூங்காவுக்குக் கிளம்புவது வழக்கம்தான். இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: வெள்ளிக்கிழமை லீவு போடாமல், ஏரிக்கரையில் உட்கார்ந்தே ஆபீஸ் வேலையை முடித்துவிட முடியுமா? முடியும். மொபைல் சிக்னல் எட்டாத இடத்திலும் ஸ்டார்லிங்க் மினி என்ற, ஏறக்குறைய ஒரு லேப்டாப் அளவே இருக்கிற தட்டையான ஆண்டெனா செயற்கைக்கோள் வழியாக இணையம் கொடுக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் வேகம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று நாள்கணக்கில் விசாரிக்கிறார்களே தவிர, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்று யோசிப்பதில்லை. காட்டில் முதலில் தீர்வது டேட்டா இல்லை, பேட்டரிதான். அதனால் மின்சாரக் கணக்கை மட்டும் இங்கே அடியிலிருந்து சொல்கிறேன், பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் அளவு. வாட் என்பது ஒரு கருவி இந்த நொடியில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பது. அதை எத்தனை மணி நேரம் இழுக்கிறதோ அதனால் பெருக்கினால் வாட்-மணி. இது நமக்குப் புதிது இல்லை, வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் யூனிட் என்கிறோமே, அந்த ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஸ்டார்லிங்க் மினி சராசரியாக 25 முதல் 40 வாட் வரை இழுக்கும் என்று அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள், 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டில் அது 33 மணி நேரம் ஓடும். வீட்டில் இது ஒன்றுமே இல்லை, மாதக் கட்டணத்தில் கண்ணுக்கே தெரியாது. காட்டில் அந்த ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்கிற பேட்டரிப் பெட்டி 10, 12 கிலோ இருக்கும், விலையும் ஆண்டெனாவை விடக் கூடுதலாக இருக்கும். அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம்.

வீட்டுக் கூரையில் வைக்கிற மூன்றாம் தலைமுறை ஸ்டாண்டர்டு ஸ்டார்லிங்க் சராசரியாக 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், அதாவது மினியைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. அதை ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் அதையே கழற்றி எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். மின் இணைப்பு உள்ள முகாம் இடம் என்றால் தாராளமாக எடுத்துப் போங்கள். அல்கான்குவினிலேயே மியூ லேக் போன்ற முகாம்களில் மின்சாரப் பெட்டியோடு கூடிய இடங்கள் உண்டு, அது கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. பேட்டரியில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மினி ஒன்றுதான் சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஒரு ரவுட்டர் 10 வாட்டில் ஓடுகிறது, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு? பழைய டிடிஎச் தட்டு பார்க்கிற செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும், ஒருமுறை திருப்பி வைத்தால் போதும், தட்டு சும்மா கிடக்கும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். உங்கள் தலைக்கு மேல் ஒன்று இருப்பது சில நிமிடங்கள்தான். அது போகப் போக அதைத் துரத்தவும், அடுத்ததற்குத் தாவவும் வேண்டும், தட்டோ அசையாது. உள்ளே நூற்றுக்கணக்கான குட்டி ஆண்டெனாக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அலையையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி, எல்லாம் சேர்ந்து வானத்தில் ஒரே திசையை நோக்கும்படி மின்னணு முறையில் வளைக்கிறார்கள். அந்த வேலை ஓயாமல் நடக்கிறது. நீங்கள் வீடியோ பார்த்தாலும், கூடாரத்தில் எல்லோரும் தூங்கினாலும், தொடர்பைப் பிடித்து வைத்திருக்க அது மின்சாரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், காத்திருக்கும்போதும் ஓடுகிற ஆட்டோ மீட்டர் மாதிரி. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் 15 வாட் அளவுக்கு இறங்கும், அதற்குக் கீழே போகாது. இரவு பத்து மணி நேரம் அப்படியே விட்டால் 150 வாட்-மணி போய்விடும். மறுநாள் மினி ஐந்து மணி நேரம் ஓடுவதற்கான கரண்ட் அது.

இனி, கடையில் எல்லோரும் ஏமாறுகிற இடம். பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச், 27,000 எம்ஏஎச் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் உள்ளே இருக்கிற லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் எண்ணியது. வாட்-மணி வேண்டுமென்றால் எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7 ஆல் பெருக்க வேண்டும்: 20,000 என்றால் 74 வாட்-மணி, 27,000 என்றால் 100க்கு ஒரு மயிரிழை கீழே. விமானத்தில் அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட்-மணி என்பதால்தான் பெரிய பவர் பேங்குகள் பலவும் அங்கே வந்து நிற்கின்றன. அந்த 100இலும் மின்னழுத்தத்தை மாற்றும்போது 10, 15 சதவீதம் சூடாகிப் போய்விடும், மிச்சம் 85. மினி அதில் மூன்று மணி நேரம்கூட முழுதாக ஓடாது. எம்ஏஎச்சை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள், பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் வாட்-மணி அச்சிட்டிருக்கும், அதுதான் உண்மையான எண்.

பவர் பேங்கில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். மினியை யூஎஸ்பி-சி வழியாக ஓட்ட வேண்டுமென்றால் அந்தத் துளை 100 வாட் கொடுக்கக்கூடியதாக, அதாவது 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது. சராசரி 30 வாட்தானே, 45 வாட் சார்ஜர் போதாதா என்று தோன்றும். தொடங்கும்போதும், மழை பெய்து சிக்னலுக்கு உழைக்கும்போதும் சட்டென்று மேலே ஏறும், அந்த நொடியில் பவர் பேங்க் கைவிட்டால் மினி அணைந்து முதலிலிருந்து தொடங்கும், மறுபடி வானத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். மீட்டிங் நடுவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பவர் பேங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சார்ஜில் சொருகினால் சில வகைகளில் ஒரு கணம் வெளிவரும் கரண்ட் அறுந்துவிடும், அதுவும் இதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

இப்போது கேபிள். இதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் 'என் மினி அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது' என்கிற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். மினியின் துளையில் 12 முதல் 48 வோல்ட் வரை நேர்மின்சாரம் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஆகா, கார் பேட்டரியும் 12 வோல்ட்தானே என்று நேரே இணைத்துவிடத் தோன்றும். ஆனால் அந்த 12 என்பது பேட்டரி முனையில் இருக்கிற அளவு இல்லை, கேபிளின் மறுமுனையில், மினிக்குள் நுழைகிற இடத்தில் இருக்க வேண்டிய அளவு. நடுவில் கம்பி தின்றுவிடும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். மரநிழலை விட்டு ஆண்டெனாவைத் தள்ளி வைக்க 15 மீட்டர் கேபிள் எடுக்கிறீர்கள், உள்ளே 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. மின்சாரம் போய் வர வேண்டும், ஆக 30 மீட்டர், அதன் மின்தடை சுமார் 0.7 ஓம். மினி தொடங்கும்போது 60 வாட் வரை கேட்டால் 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். 5ஐ 0.7 ஆல் பெருக்கினால் 3.5 வோல்ட் கம்பியிலேயே காலி. பேட்டரியில் 12.8 இருந்தாலும் மறுமுனையில் வந்து சேர்வது 9 வோல்ட் சொச்சம், மினி எழுந்திருக்காது, எழுந்தாலும் விழும். அதே கேபிளில் அதே 60 வாட்டை 30 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் ஓடுவது 2 ஆம்பியர்தான், இழப்பு 1.4 வோல்ட், மறுமுனையில் 28க்கு மேல் மிச்சம் இருக்கும், மினிக்கு எந்தக் குறையும் இல்லை. மினியோடு வருகிற அடாப்டரே 30 வோல்ட் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும். ஆகவே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பதாக இருந்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே வோல்ட்டேஜை 24க்கோ 30க்கோ உயர்த்துகிற ஒரு சின்ன கன்வர்ட்டரை வைத்துவிட்டு, அதற்கப்புறம் நீளக் கேபிளை இழுங்கள். உயர்த்த மனமில்லை என்றால் கேபிள் குட்டையாகவும் தடியாகவும் இருக்கட்டும். ஆரம்பத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம், லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும்.

சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பவர் ஸ்டேஷன் என்கிற பெரிய பேட்டரிப் பெட்டியில் இருக்கிற வீட்டு பிளக்கில் மினியின் அடாப்டரைச் சொருகிவிடுவார்கள். ஓடும். ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள்: பேட்டரியில் இருக்கிற நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக மாற்றுகிறது, அடாப்டர் அதை மறுபடி நேர்மின்சாரமாக மாற்றுகிறது. இரண்டு இடத்திலும் சூடு. இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே சில வாட் செலவாகும். பெரிய சுமைக்கு இது தெரியாது, மினி போன்ற 30 வாட் சுமைக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை வீணாகப் போகலாம். யூஎஸ்பி-சி துளையோ கார் சாக்கெட் போன்ற துளையோ இருந்தால் அதிலிருந்தே எடுங்கள், லேப்டாப்பையும் அப்படியே.

எவ்வளவு பேட்டரி வாங்குவது? ஒரு எட்டு மணி நேர வேலை நாளை எடுத்துக்கொள்வோம். மினி 30 வாட் வீதம் 240 வாட்-மணி. சாதாரண ஆபீஸ் வேலை பார்க்கிற லேப்டாப் 20 வாட் வீதம் 160. இரண்டு போன், ஒரு விளக்கு எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 440, இழப்பையும் சேர்த்தால் 500 பக்கம் வரும். அதாவது அரை யூனிட். லேப்டாப்பை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால் முதல் நாள் ஒரு 50, 60 மிச்சமாகும். ஒரே ஒரு வேலை நாளுக்கு 500 வாட்-மணி பெட்டி, வியாழன் வெள்ளி இரண்டு நாளுக்கு 1000, இப்படித்தான் கணக்கு போகும். வகையில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், சூட்டையும் மற்ற லித்தியத்தை விட நன்றாகத் தாங்கும். பழைய ஈய-அமில பேட்டரி மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி என்று வாங்கினால் பெருக்கி வருவது 1200 வாட்-மணி, கைக்கு வருவது அதில் பாதி, 600, எடையோ 25, 30 கிலோ.

கார் நிற்கிற இடத்தில் கூடாரம் போடுகிறவர்களுக்குத்தான் இவ்வளவும். அல்கான்குவினில் பலர் கனூ துடுப்புப் போட்டு உள்ளே உள்ளே போவார்கள், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் படகைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும், அங்கே 10 கிலோ பெட்டி நடக்காது. அப்படிப்பட்ட பயணத்தில் முழு நாள் வேலை என்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் மினியைப் போட்டு மெயில் இறக்கி, செய்த வேலையை ஏற்றிவிட்டு அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 60, 70 வாட்-மணி போதும். ஒரு பவர் பேங்க் ஒரு நாள் தாங்கும், இரண்டு எடுத்தால் வார இறுதி முடிந்துவிடும். மினி நிறுத்தும் காலோடு சேர்த்தே 1.16 கிலோதான்.

மூன்று நாளைத் தாண்டினால் சோலார் இல்லாமல் முடியாது. ஒன்டாரியோ அரசு நிலத்தில் கனடாவில் வசிப்பவர்கள் ஒரே இடத்தில் ஆண்டுக்கு 21 நாள் வரை காசில்லாமல் கூடாரம் போடலாம், அப்படித் தங்கி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி. 200 வாட் பேனல் என்றால் 200 வாட் வராது, அது ஆய்வகத்தில் அளந்த எண். நல்ல வெயிலில், சரியாகச் சூரியனைப் பார்த்து வைத்தால் 140 வரும். கோடையில் அந்த அளவு நல்ல வெயில் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைக்கும் என்று கொண்டால் 700 வாட்-மணி, நம் 500 போக மிச்சமும் இருக்கும். மேகமூட்டமான நாளில் அது நூறு, நூற்றைம்பதுக்கு இறங்கிவிடும், செப்டம்பர் கடைசியில் பகலும் சுருங்கிச் சூரியனும் தாழ்ந்துவிடும். ஒரு மேகநாளைத் தாங்குகிற அளவு பேட்டரி கையில் இருந்தால்தான் சோலாரை நம்பி வேலை நேரத்தை ஒத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, போய் நின்று பார்த்தால்தான் உறைக்கும். ஒன்டாரியோ இருக்கிற வட அட்சரேகையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், பேனல் தெற்கே பார்க்க வேண்டும். மினியோ பெரும்பாலும் வடக்கு வானத்தைப் பார்க்கச் சொல்லும், போனில் இருக்கிற ஸ்டார்லிங்க் செயலியில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டும். ஆக இரண்டு பக்கமும் வானம் திறந்த இடம் வேண்டும், பைன் மரங்களோ நெருக்கமாக நிற்கின்றன. முகாம் இடம் தேர்ந்தெடுக்கும்போது ஏரியின் தென்கரையைப் பாருங்கள் என்று சொல்வேன், அங்கிருந்து வடக்கே தண்ணீருக்கு மேல் வானம் பரந்து கிடக்கும், மினிக்கு அது போதும். பேனலுக்கு மட்டும் நிழல் விழாத ஒரு வெட்டவெளி தேடி, நீளக் கேபிள் போட்டுக்கொள்ளலாம், வெயில் நகர நகரக் கையால் திருப்பியும் வைக்கலாம். மினியை அப்படி நகர்த்திக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் மொத்த உற்பத்தியும் தடாலென்று விழும், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரைப் பற்றி. டொரொன்டோவிலிருந்து அல்கான்குவின் கிட்டத்தட்ட மூன்று மணி நேர ஓட்டம். கார் சாக்கெட்டில் பவர் ஸ்டேஷனைச் சொருகிவிட்டால் 100 வாட் வீதம் போய்ச் சேருவதற்குள் 250, 300 வாட்-மணி ஏறிவிடும், இது சும்மா கிடைக்கிற கரண்ட். ஆனால் நிறுத்திய காரின் பேட்டரியில் மினியை ஓட்டாதீர்கள். அந்தப் பேட்டரி ஸ்டார்ட் பண்ணுகிற ஒரு நொடிக்காகச் செய்தது, மெதுவாகக் காலி பண்ணுவதற்கு இல்லை, காட்டுக்குள் கார் கிளம்பாமல் போனால் இணையம் இருந்து என்ன பயன். எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்கில் கரண்ட் எடுப்பதும் ஜெனரேட்டரைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைப்பதும் உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மிச்சம் பிடிக்க ஒரே பெரிய வழி அணைப்பதுதான். செயலியில் தூங்கும் நேரம் வைக்கிற வசதி இருக்கிறது, இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை என்று வைத்துவிட்டால் முன்பு சொன்ன அந்த இரவுச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். மீட்டிங் எல்லாவற்றையும் காலையிலோ மாலையிலோ ஒரே தொகுப்பாக வைத்துக்கொண்டு நடுவில் இணையம் தேவைப்படாத வேலையைச் செய்கிறவர்கள் மினியின் செலவைப் பாதியாக்கிவிடலாம், இதைவிட நல்ல சிக்கனம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தட்டின் மேல் விழுகிற பனியை உருக்க மினி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், அது செலவைக் கூட்டும், பனி பெய்யாத நாளில் அந்த அமைப்பைச் செயலியில் அணைத்து வையுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, அக்டோபர் இரவிலேயே அங்கே அந்தக் குளிர் வந்துவிடும், பெட்டியை ராத்திரி கூடாரத்துக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வரும்போது இதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து கொடைக்கானலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் அரசின் அனுமதி இல்லாத செயற்கைக்கோள் கருவியைக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ள நேரும். இலங்கையில் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை தொடங்கிவிட்டது, அங்கே போகிறவர்கள் தங்கள் திட்டம் அந்த நாட்டில் செல்லுமா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, எதையும் காட்டில் போய் முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். ஒரு சாதாரண வேலை நாளில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மினியைக் கொல்லைப்புறத்தில் வைத்து, எடுத்துப் போகப்போகிற அதே கேபிள், அதே பேட்டரியில் காலை முதல் மாலை வரை வேலை பாருங்கள். பவர் ஸ்டேஷன் திரையில் எத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பேட்டரி தேவையா, இருப்பதே போதுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நண்பரிடம் இரவல் வாங்கிய பேட்டரியில்கூடச் செய்யலாம், காசு கொடுத்து வாங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.